இறங்கி வந்த பாட்டு

மழை நின்றதும் கொஞ்ச நேரத்துக்கு ஒரு வெளிச்சம் வரும். வெயில் என்று அதைச் சொல்ல முடியாது. கழுவித் துடைத்து வைத்த வெளிச்சம். ரப்பர் மரங்களின் மேல் விழும். தகரக் கூரைகளின் மேல் விழும். ரோட்டில் தேங்கிய தண்ணீரின் மேலும் விழும். எதையும் அழுத்தாது.

தக்கலையில் அந்த வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. ஆனியில் ஒரு மழை. ஐப்பசியில் ஒரு மழை. இரண்டு கடலின் மழையும் வந்து சேர்கிற ஊர்.

விஜிலாவின் குரல் அந்த வெளிச்சம் மாதிரி இருக்கும் என்பார்கள். இருந்தது. தை மாதம் வரை இருந்தது.

தைராய்டில் ஒரு கட்டி. எடுத்துவிட்டால் பயமில்லை என்றார் டாக்டர். எடுத்தார். பயமில்லைதான். பரிசோதனையில் நல்ல முடிவு வந்தது. அம்மா ரெத்தினபாய் மருத்துவமனை வராந்தாவிலேயே முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னாள்.

கழுத்தில் ஒரு தழும்பு மிஞ்சியது. மெல்லிய தழும்பு. சங்கிலி கிடந்த இடத்தில் இன்னொரு சங்கிலி போல.

உள்ளே ஒரு நரம்பு. நூலைவிட மெலிந்தது. கத்தி அதை வெட்டவில்லை, உரசிக்கொண்டு போயிருக்கலாம் என்றார் டாக்டர். பேசலாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கலாம். உச்சத்தில் பாடுவது மட்டும் வரலாம், வராமலும் போகலாம்.

வரவில்லை. மாசியில் வரவில்லை. பங்குனியில் வரவில்லை. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பார்ப்பாள். மேலே போக வேண்டிய இடத்தில் காற்று மட்டும் வரும். வெறும் காற்று. வாளியில் தண்ணீர் நிறைந்து வழிகிற சத்தம் அதைவிடப் பெரிதாகக் கேட்கும்.

*

அவர்கள் நான்கு பேர். விஜிலா பாடுவாள். ரெஜின் கிட்டார். விஜிலா போகிற கிறிஸ்தவ சபையிலும் ஞாயிறுதோறும் அவன்தான் கிட்டார். சுயம்பு பேஸ் கிட்டார், வேலைக்கு எலக்ட்ரீசியன். டைட்டஸ் டிரம்ஸ், பைக் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான், அந்தக் கடையின் மாடியில்தான் பயிற்சி. தங்கள் குழுவுக்கு உப்புக்காற்று என்று பேர் வைத்திருந்தார்கள். ராக் இசைக்கு அந்த ஊரில் அதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்கவில்லை. இரும்பைத் தின்கிற காற்று.

முதல் ஆல்பத்துக்குப் பாட்டுகள் தயாராக இருந்தன. எல்லாம் அவளுடைய பழைய குரலுக்குத் தைத்தவை.

அதில் ஒன்று, கரண்ட் போன தெருவைப் பற்றிய பாட்டு. இருட்டு. மழை. ஒரு குரல் கேட்கும்: யாராவது இருக்கீங்களா? டிரம்ஸ் மட்டும் கொஞ்ச நேரம் நடக்கும். மறுபடி கேட்கும்: யாராவது இருக்கீங்களா? அப்புறம் கிட்டார் உறும, பேஸ் அதிர, உச்சியில் ஒரே ஒரு சொல்.

இருக்கேன்.

அந்தச் சொல்லுக்காகத்தான் அந்தப் பாட்டு. அந்த உச்சிக்குத்தான் அவளால் போக முடியவில்லை.

வேறு ஆளைப் பாருங்கள் என்று ரெஜினுக்குச் செய்தி அனுப்பினாள். அவன் பதில் அனுப்பவில்லை. சித்திரையில் ஒரு சனிக்கிழமை வீட்டு வாசலில் வந்து பைக்கை நிறுத்தி, அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, சும்மா வந்து உட்காரு என்று மட்டும் சொன்னான்.

சும்மா போய் உட்கார்ந்தாள்.

ரெஜின் கிட்டாருக்குக் கனமான புதுக் கம்பிகள் போட்டிருந்தான். முதுகைத் திருப்பிக்கொண்டு சுருதி சேர்த்தான். அவன் இடது கையைப் பார்த்துக்கொண்டே பாடுவது அவள் பழக்கம். விரல்கள் எந்த இடத்தில் இருக்குமோ அந்த இடத்தில்தான் இருந்தன. அதே பாட்டு. அதே விரல்கள். யாராவது இருக்கீங்களா? பாதி வாயில் கேட்டாள். கால் குரலில் கேட்டாள்.

உச்சி வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

இருக்கேன்.

வந்துவிட்டது. காற்று அல்ல. குரல். கொஞ்சம் கரகரத்த, கொஞ்சம் தடித்த, ஆனால் அவளுடைய குரல். உச்சியில் போய் நின்றது. நின்றே இருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். டைட்டஸ் டிரம் குச்சியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுயம்பு ஏதோ ஒரு வயரைக் கழற்றி மறுபடி அதே இடத்தில் மாட்டினான்.  அவர்களும் அழுவதாக அவள் நினைத்துக்கொண்டாள்.

*

ஆனி மழையில் பதிவு செய்தார்கள். சுயம்புவின் அண்ணன் கட்டிக்கொண்டிருந்த வீட்டில், பூச்சு வேலை முடியாத ஓர் அறையில். சுவரெல்லாம் ஈரம். ஆல்பத்துக்கு ஈரச்சுவர் என்றே பேர் வைத்தார்கள். ஆவணியில் வெளியிட்டார்கள்.

முதலில் ஊர்க்காரர்கள் கேட்டார்கள். பிறகு ஊர்க்காரர்கள் போயிருக்கிற ஊர்களில் கேட்டார்கள். பிறகு யாரென்றே தெரியாதவர்கள்.

முட்டத்தில் கடலுக்குப் போகிற ஒருவர் எழுதினார், வலை இழுக்கும்போது பாடுகிறோம் என்று. துபாயில் ஓர் அறையில் இருக்கிற ஆண்கள் சோறு வடித்துக்கொண்டே பாடுகிற வீடியோ வந்தது. ஒருவன் கரண்டியை மைக்காகப் பிடித்திருந்தான். கணவனை இழந்த ஒரு பெண் எழுதினாள், அந்தக் கடைசிச் சொல்லைச் சத்தமாகப் பாடுகிறேன், பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டுகிறாள், திட்டுவதற்காக அல்ல, அவளும் பாடுகிறாள் என்று.

எல்லாரும் ஒன்றையே எழுதினார்கள். நாங்களும் பாடுகிறோம். நாங்களும் பாடுகிறோம்.

நீங்கள் நன்றாகப் பாடியிருக்கிறீர்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. விஜிலாவுக்கு அது சற்று வியப்பாக இருந்தது. வருத்தமாக இல்லை.

ஐப்பசி முதல் ஞாயிறு. சபையில் சாட்சி சொல்லும் நேரம். நன்மை பெற்றவர்கள் எழுந்து தாங்கள் பெற்ற நன்மையைச் சபைக்குச் சொல்வார்கள். விஜிலா எழுந்தாள்.

"எனக்க சத்தம் போச்சுன்னு நெனச்சேன். கர்த்தர் திரும்பத் தந்திருக்கார். கொறையாத் தரல்ல. பழைய உயரத்துக்கே கொண்டு வந்து விட்டிருக்கார்."

சபை அல்லேலூயா சொன்னது. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். பீடத்துக்குப் பக்கத்தில் ரெஜின் கிட்டாரின் மேல் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். ஜெபிக்கிறான் என்று நினைத்தாள்.

*

புதன்கிழமை தெரிந்துவிட்டது.

பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அவள் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பாட்டைத்தான் பாட வேண்டும் என்றார்கள். பாட்டு சார் கீபோர்டில் வாசித்தார். சின்னப் பிள்ளைகளின் குரல் கூரைக்குப் போனது. விஜிலா சிரித்துக்கொண்டே சேர்ந்து பாடினாள். உச்சி வந்தது.

காற்று.

வெறும் காற்று. குளியலறைக் காற்று. மாசி மாதத்துக் காற்று. பிள்ளைகள் பாடிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தி மட்டும் திரும்பி டீச்சரின் வாயைப் பார்த்தாள்.

"டீச்சர், முன்ன ஒரு காலேஜ் விழாவுல நீங்க இதப் பாடின பழைய வீடியோவ வச்சு வாசிச்சேன்," என்றார் பாட்டு சார். "அது அஞ்சு கட்டை சுருதி. ஆல்பத்துல மூணுல்லா? பிள்ளைகளுக்கு அஞ்சுதான் நிக்கும்னு பாத்தேன். எறக்கணுமா?"

வேண்டாம் சார் என்றாள். பிள்ளைகளுக்கு அதுவே இருக்கட்டும் என்றாள். கரும்பலகையை அழித்தாள். எழுத்து எதுவும் இல்லாத இடத்தையும் அழித்தாள்.

மாலையில் டைட்டஸின் கடை மாடிக்கு ஏறினாள். மூன்று பேரும் இருந்தார்கள். மழை இல்லை. வானம் ஒரு சாம்பல் துணியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ரெஜின். கரண்ட் பாட்டு எத்தன கட்டை?"

டைட்டஸ் சுயம்புவைப் பார்த்தான்.

"லேய் சுயம்பு, ஒரு நாள் தெரிஞ்சிரும்னு நான் அன்னைக்கே சொன்னம்லா," என்றான் டைட்டஸ்.

"நீ என்னத்த சொன்ன? நீ பப்ஸ் தின்னுட்டு இருந்த."

"மூணு," என்றான் ரெஜின். "முன்ன அஞ்சு. நீ திரும்பி வந்த அன்னையிலேருந்து மூணு. எல்லாப் பாட்டும் அப்படித்தான்."

"விரலு அதே எடத்துலதான இருந்துச்சு?"

"நீ எனக்க கையப் பாத்துத்தான் பாடுவ. கை மாறினா உனக்குத் தெரிஞ்சிரும். அதுனால கைய மாத்தல்ல. கம்பியத் தளத்தினேன். தளத்தினா தொளதொளன்னு ஆடும்லா, அதுக்குத்தான் கனத்த கம்பி. சுயம்புவும் அப்படித்தான்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நான் சபையில எந்திரிச்சி சாட்சி சொல்லியாச்சு. பழைய உயரம்னு சொன்னேன். எனக்க அம்மா அழுதா. நீ அங்கதான் இருந்த ரெஜின். தலையக் குனிஞ்சிட்டு இருந்த."

"சபைக்கு முன்னால எந்திரிச்சி இல்லன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"கர்த்தர் செஞ்சாருன்னு சொன்னேன். நீங்க செஞ்சிருக்கீங்க."

சுயம்பு தயங்கித் தயங்கிப் பேசினான். "சாமி காரியத்துல குறுக்க வரணும்னு நாங்க நெனக்கல்ல பிள்ள. நீ பாடணும். அவ்வளவுதான் நெனச்சோம்."

"வேற ஆளப் பாருங்கன்னு நீ சொல்லிட்டு இருந்துட்ட," என்றான் டைட்டஸ். "நாங்க எங்க போயிப் பாக்க? உனக்க டீயில எவ்வளவு சீனின்னு படிக்கவே எங்களுக்கு ஒரு வருசம் ஆச்சு."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

"ஞாயித்துக்கிழம நான் எந்திரிச்சி சொன்னது பொய்யின்னு சொல்லுவேன். அதுக்குப் பொறவு நான் பாடல்ல. நீங்க வேற ஆளப் பாருங்க."

இறங்கிப் போனாள். படியில் அவள் காலடிச் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. பின்னால் யாரும் கூப்பிடவில்லை. 

*

சனிக்கிழமை அரைநாள் பள்ளி. பள்ளி இருக்கிற மார்த்தாண்டத்திலிருந்து வீட்டுக்குப் பேருந்து. மழை பிடித்துக்கொண்டது. எல்லா ஜன்னல்களிலும் படுதாவை இறக்கிவிட்டார்கள். உள்ளே பட்டப்பகலில் ஓர் இருட்டு. ஈரத் துணி வாசம், மீன் வாசம், யாருடைய மடியிலோ பழுத்த பலாச்சுளை வாசம்.

நாளைக்கு என்ன சொல்வது என்று அவள் சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொன்னது தவறு. நான் சொன்னது உண்மையல்ல. எனக்குத் தரப்படவில்லை. அடுக்கிய சொற்கள் நிற்கவில்லை.

ஓட்டுநர் பாட்டுப் போட்டார்.

முதலில் மழையா டிரம்ஸா என்று தெரியவில்லை. பிறகு தெரிந்தது. அவளுடைய குரலே அவள் தலைக்கு மேலிருந்து கேட்டது: யாராவது இருக்கீங்களா?

குனிந்துகொண்டாள். யாருக்கும் அவளைத் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு நர்சிங் மாணவி, மடித்த வெள்ளைக் கோட்டை நனையாமல் நெஞ்சோடு பிடித்திருந்தாள். முன் இருக்கையில் காலிப் பாத்திரத்தோடு மீன் விற்றுத் திரும்புகிற பெண். அதற்கு முன்னால் ஸ்கேன் படக் கவரை மடியில் வைத்திருந்த ஒருவர், வெகுநேரமாகக் கம்பியில் நெற்றியைச் சாய்த்திருந்தவர்.

யாராவது இருக்கீங்களா?

பின் இருக்கைகளில் மாணவிகள் தொடங்கினார்கள். கண்டக்டர் காசுப் பையைத் தட்டித் தாளம் போட்டார். மீன் விற்கிற பெண் பாத்திரத்தைத் தட்டினாள். கிட்டார் உறுமியது. உச்சி வந்தது.

இருக்கேன்.

பேருந்து முழுக்க. மாணவிகளின் மெல்லிய குரல். கண்டக்டரின் கரகரத்த குரல். பள்ளியில் வருகைப் பதிவுக்குப் பதில் சொல்வதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து மீன்காரப் பெண், இருக்கேன். ஸ்கேன் கவர் வைத்திருந்தவரும் தலையைத் தூக்கிப் பாடினார். அவர் குரல் மிகவும் கட்டைக் குரல். எட்டவில்லை. துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. தன் சத்தத்தைக் கேட்டுத் தானே சிரித்துவிட்டார். அன்றைக்கு அவர் சிரிப்பார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

"அக்கா பாடல்லியா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"தொண்ட செரியில்ல."

"இதுக்கு எதுக்கு நல்ல தொண்ட? மத்த பாட்டுல அந்த எடம் வரும்போ நாங்க வாய மட்டும்தான் தொறப்போம். பாடுற ஆளு மேல போயிருவாங்க, நாங்க கீழ நின்னு அண்ணாந்து பாப்போம். இதுல அப்படி இல்ல. நாங்களும் போய்ச் சேந்துருவோம்." கொஞ்சம் யோசித்துச் சேர்த்தாள். "ஐசியூ டூட்டி முடிஞ்சு வரும்போ இதத்தான் பாடிட்டு வருவோம். இந்த அக்காவுக்கு நல்ல மனசா இருக்கும். நமக்கு எட்டணும்னு எறக்கிப் பாடியிருக்காங்க."

"அவ எறக்கல்ல மக்களே," என்றாள் விஜிலா. "அவளுக்கு எறக்கிக் குடுத்தாங்க."

அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

பாட்டு மறுபடி தொடக்கத்துக்கு வந்தது. யாரோ ஓட்டுநரிடம் இன்னொரு தடவை போடச் சொல்லியிருந்தார்கள். விஜிலா படுதாவின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கினாள். மழைத்துளி முகத்தில் தெறித்தது. முகத்தில் இருந்த மற்ற ஈரம் அதோடு சேர்ந்துகொண்டது.

உயரத்தில் இருந்தவர் ஒரு நாள் மாட்டுத் தொழுவம் வரைக்கும் இறங்கி வந்தார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வருடந்தோறும் அவள் சொல்லிக் கொடுக்கிற கிறிஸ்துமஸ் கதை. வருடந்தோறும் சொல்லியும், ஏறிப் போவதைத்தான் அற்புதம் என்று நினைத்திருந்தாள்.

ஒருத்திக்காக இறக்கிய பாட்டு. அது இறங்கி நின்ற இடத்தில் இத்தனை பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

அடுத்த முறை உச்சி வந்தபோது அவளும் பாடினாள். பெரிதாக இல்லை. பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்கிற அளவுக்கு.

*

ஞாயிறு. சாட்சி நேரம். விஜிலா எழுந்தாள்.  முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"போன வாரம் நான் சொன்னதுல ஒரு பிழ உண்டு. பழைய உயரம் எனக்குத் திரும்பி வரல்ல. எனக்குத் தெரியாம எனக்க கூட்டாளிமாரு மூணு பேரு பாட்டக் கீழ எறக்கினாங்க. என்னையப் பாட வைக்கணும்னு. அது தெரியாம நான் உயரம்னு சொல்லிட்டேன். அதுக்கு மன்னிச்சுக்கிடணும்."

 மின்விசிறிகளின் சத்தம் மட்டும்.

"ஆனா கர்த்தர் செஞ்சாருன்னு சொன்னத நான் மாத்தல்ல. எப்படிச் செஞ்சாருங்கறதத்தான் மாத்திச் சொல்லுறேன்."

உட்கார்ந்தாள். போன வாரம் போல அல்லேலூயா எழவில்லை.  பிறகு கடைசிப் பெஞ்சுகளிலிருந்து ஒரு குரல் மெதுவாக ஸ்தோத்திரம் என்றது. இன்னொரு குரல். பெண்கள் பக்கத்திலிருந்து ஒன்று. உரத்துச் சொல்லவில்லை. ஒருவர் தோளில் கை வைக்கிறபோது எவ்வளவு அழுத்துவார்களோ அவ்வளவு.

முன் பெஞ்சைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். 

ரெஜின் இந்த முறை தலையைக் குனியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டாரில் அடுத்த பாட்டின் முதல் சுரத்தைப் பிடித்தான். பிடித்தது தப்பு. போதகரே சிரித்துவிட்டார்.

வெளியே செருப்பைத் தேடும்போது அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். அவளுடைய ஒரு செருப்பைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டாள்.

"அந்தப் பயலுவ மூணு பேரையும் மத்தியானம் சாப்பிட வரச் சொல்லு மக்களே," என்றாள். "மரச்சீனி அவிக்கேன். மீன் கறி இருக்கு."

"டைட்டஸ் நெறைய தின்னுவான் அம்மா."

"தின்னட்டும்."

*

தின்றான். எல்லாரும் தின்றார்கள். மரச்சீனிக்கிழங்கின் ஆவி முகத்தில் அடிக்க, யாரும் மன்னிப்புக் கேட்காமல், யாரும் மன்னிக்காமல், மீன் முள்ளை எடுத்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்கள். சுயம்பு மட்டும் கை கழுவப் போகும்போது, நாளைக்குப் பயிற்சி உண்டா என்று சுவரைப் பார்த்துக் கேட்டான்.

நாளைக்கு எதற்கு, இன்றைக்கே என்றாள்.

கடை மாடியில் ரெஜின் கிட்டாரை எடுத்து மடியில் வைத்தான். இந்த முறை முதுகைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவள் பார்க்கப் பார்க்கக் கம்பியைச் சுண்டினான்.

"இன்னும் அரைக் கட்டை எறக்கு," என்றாள் விஜிலா.

அவன் கை நின்றது. "ஏன், வலிக்கா?"

"எனக்கு வலிக்கல்ல. பஸ்ல ஒரு அண்ணனுக்கு எட்டல்ல."

"செரிதான்," என்றான் டைட்டஸ். "இப்படியே போனா அடுத்த ஆல்பம் கெணத்துக்குள்ள எறங்கித்தான் பாடணும்."

அவள் சிரித்தாள். புதன்கிழமைக்குச் சேர வேண்டிய சிரிப்பும் அதில் இருந்தது.

மத்தியானத்திலிருந்து பெய்த மழை நின்றிருந்தது. யாரும் கவனிக்காத ஒரு நேரத்தில் நின்றிருந்தது. வெளிச்சம் வந்தது. கூரையின் மேல் வந்தது, ஜன்னலில் இறங்கியது, டிரம்ஸின் பித்தளைத் தட்டில் தங்கியது. தரையில் கிடந்த வயர்களின் மேல் படர்ந்தது. ரெஜினின் விரல்களுக்கும், அவள் கழுத்துத் தழும்புக்கும் வந்து சேர்ந்தது.

கம்பி தளர்ந்தது. ஒரு சுற்று. இன்னும் கொஞ்சம். போதும் என்று அவள் கை காட்டினாள்.

யாராவது இருக்கீங்களா என்று பாடத் தொடங்கினாள்.